டிக்கியில் ஆம்ப், கதவில் ஸ்பீக்கர்

ஆம்ப்ளிஃபையர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன்னால் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஏ.எச். பேட்டரிதான் இருக்கும். மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்னேட்டர், வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போது 65, 70 ஆம்பியர் தரலாம். சிக்னலில் நிற்கும்போது அதில் பாதி வந்தாலே பெரிது. அதிலிருந்துதான் ஏ.சி. பிளோயர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓட வேண்டும். மிச்சம் இருப்பதில்தான் பாட்டு.

இந்த அத்தியாயத்துக்குத் திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டு வாசலில் நிற்கும் ஹேட்ச்பேக் காரை எடுத்துக்கொள்கிறேன். வார நாளில் புதுக்கோட்டை நகருக்குள் ஓட்டம். மாதத்தில் சில தடவை கீரனூர் வழியாகத் திருச்சி, போகவர நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெயிலில்தான் நிறுத்தம். சித்திரை, வைகாசியில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். செம்மண் புழுதி கதவு இடுக்கெல்லாம் ஏறும். நாலு பேர் வண்டியிலும், அவர்கள் மூட்டை டிக்கியிலும் ஏற வேண்டும். இந்த வண்டிக்கு எது பொருந்துமோ அதுதான் தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்ப வண்டிகளுக்கும் பொருந்தும்.

அதற்கு நான் சொல்லும் செட் இது: முன் கதவு இரண்டிலும் ட்வீட்டர் தனியாக வரும் ஆறரை இஞ்ச் காம்போனென்ட் ஸ்பீக்கர், பின் கதவில் கம்பெனி ஸ்பீக்கர் அப்படியே, சேனலுக்கு 50 வாட் தரும் நாலு சேனல் ஆம்ப் ஒன்று, முன் சீட்டுக்கு அடியில் தனக்குள்ளேயே ஆம்ப் வைத்த எட்டு இஞ்ச் ஊஃபர் ஒன்று. டிக்கி முழுக்கப் பன்னிரண்டு இஞ்ச் ஊஃபர் பெட்டி அடைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்டெப்னியை எடுக்கவே பெட்டியை இறக்க வேண்டியிருக்கும்.

அட்டைப் பெட்டியில் இருக்கும் வாட்டும் உண்மை வாட்டும்

பெட்டி மேல் 2000 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை மறந்துவிட்டு ஆம்பைத் திருப்பிப் பாருங்கள். பவர் கம்பி சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் இருக்கும். அதில் எழுதியிருக்கும் ஆம்பியரை 13.8 ஆல் பெருக்குங்கள். அது ஓடும் வண்டியின் வோல்டேஜ். வரும் விடையை, ஏபி வகை ஆம்ப் என்றால் 0.6 ஆலும், டி வகை என்றால் 0.8 ஆலும் பெருக்குங்கள்; மிச்சம் சூடாகப் போய்விடும். 30 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட ஏபி வகை ஆம்ப் 250 வாட்டுக்கு மேல் தொடர்ந்து தர வழியே இல்லை. மீதி 1750 வாட் அட்டையோடு போய்விடும். கடைக்காரரிடம் வாதாட வேண்டாம். ‘ஆர்.எம்.எஸ். எவ்வளவு?’ என்று மட்டும் கேளுங்கள். தொடர்ந்து தரும் வாட் அதுதான்.

டேஷ்போர்டில் இருக்கும் செட்டுக்கும் இதே கதைதான். நாலுக்கு ஐம்பது வாட் என்று முகப்பில் போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் சிப், சேனலுக்கு 15 முதல் 20 வாட் வரைதான் சுத்தமாகத் தரும். வீட்டுத் தெருவுக்குள் அது போதும். கண்ணாடி இறக்கிவிட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் சத்தமும் காற்றும் பாட்டை விழுங்கிவிடும். வால்யூமை ஏற்றினால் குரல் பிசிறும். ஆம்ப் தேவைப்படுவது இங்கேதான். ஆம்ப் வைப்பது காதைப் பிளக்க அல்ல, அந்த வால்யூமிலும் குரல் பிசிறாமல் இருக்க.

இப்போது நம் செட்டின் கணக்கு. நாலு ஐம்பது 200 வாட். ஏபி வகையில் அதற்குச் சுமார் 24 ஆம்பியர். சீட்டடி ஊஃபருக்கு இன்னொரு 10. முழு மூச்சில் பாடினால் 34, 35 ஆம்பியர். பாட்டு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை, சராசரி இழுவை அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆகவே கம்பெனி பேட்டரியும் டைனமோவும் தாங்கும். இதுவே 1000 வாட் உண்மையாகத் தரும் டி வகை மோனோ ஆம்ப் என்றால் 90 ஆம்பியர் கேட்கும். டைனமோ தருவதைவிட அது அதிகம். டூரிஸ்ட் வேன்களில் பெரிய செட் வைப்பவர்கள் பேட்டரியையும் சேர்த்து மாற்றுவது இதனால்தான். பாட்டின் அடிக்கு ஏற்ப ஹெட்லைட் மங்கி மங்கி எரியும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை, கரண்ட் பற்றாக்குறை.

கம்பியும் ஃப்யூஸும்

செட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பத்தில் மூன்று பங்கைக் கம்பிக்கும் கதவு வேலைக்கும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் ஆம்பும் ஸ்பீக்கரும் வாங்குங்கள். எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்: ஆம்புக்கு அத்தனையும் கொட்டிவிட்டு, வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை டிக்கி வரை இழுத்துவிடுகிறார்கள்.

அதில் என்ன நடக்கிறது என்றால், அந்த அளவுச் செம்புக் கம்பியில் ஐந்து மீட்டருக்கு 35 ஆம்பியர் போனால் வழியிலேயே 1.4 வோல்ட் கரைந்துவிடும். கரைந்தது அத்தனையும் சூடு. 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இதே இழப்பு 0.3 வோல்ட் சொச்சம். 16 சதுர மில்லிமீட்டரில் 0.2. நம் செட்டுக்குக் குறைந்தது பத்து, முடிந்தால் பதினாறு. கார் ஆடியோ கடைகளில் கேஜ் கணக்கில் விற்பார்கள். 8 கேஜ் என்பது 8.4 சதுர மில்லிமீட்டர், 4 கேஜ் என்பது 21. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்.

ஆனால் அந்தக் ‘கிட்’ கம்பிகளில் பாதி, அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசியது. செம்பைப் போல மூன்றில் இரண்டு பங்குதான் கரண்டைக் கடத்தும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கடையில் 16 சதுர மில்லிமீட்டர் நெளிவான செம்புக் கம்பி மீட்டர் கணக்கில் கிடைக்கும். செம்பு லக்கும் அங்கேயே இருக்கும், லக்கை நெரிக்கும் கருவியும் இருக்கும். அளவு சொல்லி இரண்டு முனையிலும் லக் அடித்து வாங்கி வருவது கட்டிங்பிளேயரில் நசுக்குவதைவிட எவ்வளவோ மேல். வெயிலுக்கும் ஆயிலுக்கும் தாங்கும் தோல் உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பானெட்டுக்குள் போகும் பகுதிக்கு நெளிவுக் குழாய் மாட்டிவிடுங்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் வந்தாக வேண்டும். ஆம்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்பைக் காப்பாற்ற. பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் கம்பியைக் காப்பாற்ற. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் கம்பி உரசித் தோல் கிழிந்தால், செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் தருகிற பேட்டரி அத்தனையையும் அந்தக் கிழிசலில் கொட்டும். கம்பி பழுக்கக் காய்ந்து, பக்கத்தில் இருக்கும் கார்பெட் பற்றிக்கொள்ளும். நம் செட்டுக்கு 50 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். பெரிதாகப் போட்டுவைத்தால் நல்லது என்ற எண்ணம் இங்கே ஆபத்து.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் நிறக் கப்ளர் எதையும் தொடக்கூடாது. சன்னல் ஓரப் பில்லரில் ட்வீட்டர் வைக்கிறவர்கள் அதற்குள் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கம்பி விட வேண்டும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் புது ஓட்டை போடாதீர்கள். கம்பெனி வயரிங் வரும் ரப்பர் குரோமெட்டிலேயே ஒரு ஓரத்தில் குத்திக் கம்பியை நுழைக்கலாம். பிரேக் பெடல், ஸ்டீயரிங் தண்டு இரண்டையும் தொடாமல் கட்டுங்கள்.

பவர் கம்பி ஒரு பக்கக் கதவடி ஓரமாகப் போனால், சிக்னல் எடுத்துப்போகும் ஆர்.சி.ஏ. கேபிள் மறுபக்கமாகப் போகட்டும். டேஷ்போர்டு செட்டின் பின்னாலிருந்து நீலமும் வெள்ளையும் கலந்த ஒரு மெல்லிய கம்பி வரும். செட்டைப் போட்டால் ஆம்பையும் எழுப்பிவிடுவது அதுதான். அதை விட்டுவிட்டு ஆம்பை நேரடியாகப் பேட்டரியில் விழிக்க வைத்தால் இரவெல்லாம் ஆம்ப் விழித்திருக்கும், காலையில் வண்டி தூங்கும். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் 12 வோல்ட், கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது; கறுப்புக் கோடு போட்டது அதனதன் நெகட்டிவ். வெளிச்சந்தையில் விற்கும் செட்டுகளில் இதுதான் வழக்கம். கம்பெனி வயரிங்கில் நிறம் வேறாக இருக்கும் என்பதால், அதை வெட்டாமல் வண்டிக்கு ஏற்ற கப்ளர் வாங்கி மாட்டுங்கள். வெட்டிய வயரைக் காட்டி வாரண்டியை மறுப்பது எளிது.

கம்பெனியின் டச் ஸ்கிரீனையே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு வழி உண்டு. ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே சிக்னல் வாங்கும் ‘ஹை லெவல்’ நுழைவு உள்ள ஆம்ப் வாங்கினால் ஆர்.சி.ஏ. தேவையில்லை. ஸ்டீயரிங் பட்டன், பின்புறக் கேமரா எல்லாம் பழையபடி வேலை செய்யும்.

எர்த்

புகார் வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆம்பின் எர்த் கம்பியும் பவர் கம்பி அளவுக்கே தடிமனாக, 45 சென்டிமீட்டருக்குள் முடிய வேண்டும். பாடியில் தடித்த தகடு உள்ள இடமாகப் பார்த்து, பெயிண்டை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, பல் உள்ள வாஷர் வைத்து போல்ட்டை இறுக்கி, அதன் மேல் பெயிண்டோ கிரீஸோ பூசுங்கள். பூசாவிட்டால் இரண்டு ஐப்பசியில் துரு ஏறிவிடும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. உயிரைப் பிடித்து நிறுத்தும் போல்ட் அது, அதைத் தொடவே வேண்டாம். பின் சீட்டுக்கு அடியில் துளை போடுவதும் வேண்டாம். பெரும்பாலான சின்னக் கார்களில் பெட்ரோல் டேங்க் அதன் நேர் கீழேதான்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கூடவே ஏறுகிற ‘ங்ஙீ’ என்ற இரைச்சல் வந்தால், உடனே நாய்ஸ் ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். ஆம்ப் பக்கத்தில் ஆர்.சி.ஏ. கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் செட் பக்கத்தில் அல்லது கேபிளில்: செட்டின் கறுப்புக் கம்பியை எங்கோ மெல்லிய எர்த்தில் முறுக்கி விட்டிருப்பார்கள். நிற்காவிட்டால் ஆம்பின் எர்த்தை மறுபடி தேயுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் தீர்ந்துவிடும்.

கதவுதான் பெட்டி

வீட்டில் ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் வைக்கிறோம். காரில் அந்தப் பெட்டி கதவு. ஓட்டையும் இடுக்குமான பெட்டி. ஸ்பீக்கரின் முன்பக்கத்திலிருந்து கிளம்பும் அலையும் பின்பக்கத்து அலையும் அந்த ஓட்டைகள் வழியே சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் செத்துப்போவது பேஸ். விலை உயர்ந்த ஸ்பீக்கர் மாட்டியும் ‘பழசே தேவலை’ என்று சொல்பவர்களின் கதவைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும்.

ஆகவே கதவுக்கு அரை நாள் கொடுங்கள். உள்பக்க டோர் பேடைக் கழற்றும்போது பிளாஸ்டிக் கிளிப்புகள் சில உடையும், வெயிலில் காய்ந்த வண்டியில் நிச்சயம் உடையும். ஒரு டஜன் உதிரியாக வாங்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் இடத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஸ்கேலால் அளந்துகொண்டு அதற்குள் அடங்கும் ஸ்பீக்கரை வாங்குங்கள். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு வளையம் வேண்டும். எம்.டி.எஃப். மழைத் தண்ணீரில் ஊதிவிடும். மெரைன் பிளைவுட்டோ கெட்டி பிளாஸ்டிக்கோ போடுங்கள். வளையத்தின் இரண்டு பக்கமும் ஃபோம் பட்டை ஒட்டினால் காற்று கசியாது.

வெளித்தகட்டின் உள்பக்கம் அதிர்வு தாங்கும் ஷீட் ஒட்ட வேண்டும். பியூட்டைல் ரப்பரில் அலுமினியத் தாள் வைத்தது வாங்குங்கள். விலை குறைவு என்று மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்டைச் சிலர் ஒட்டிவிடுகிறார்கள். புதுக்கோட்டை வெயிலில் அது இளகி வழியும், நாற்றமும் போகாது. கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் அங்கேதான் வெளியேறும். உள்தகட்டின் பெரிய ஓட்டைகளையும் ஷீட்டால் மூடுங்கள். இதற்குப் பின் கதவைச் சாத்தும் சத்தமே மாறியிருக்கும்.

கதவுக்குள் புதுக் கம்பி இழுப்பது பெரும்பாலும் வீண் வேலை. 50 வாட்டுக்குக் கம்பெனிக் கம்பி தாராளம். கதவில் ஸ்பீக்கர் மாட்டியதும் கடிகார செல்லோ டிவி ரிமோட் செல்லோ ஒன்றை எடுத்து, ஆம்ப் பக்க முனையில் பாசிட்டிவ் பாசிட்டிவுக்கும் நெகட்டிவ் நெகட்டிவுக்குமாக ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் கம்பி மாறியிருக்கிறது. ஒரு கதவில் மட்டும் மாறியிருந்தால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று எதிர்த்துப் பேஸே இல்லாமல் போகும்.

ஆம்பை டிக்கியின் பக்கச் சுவரில் ஒரு பிளைவுட் துண்டு வைத்து அதன் மேல் மாட்டுங்கள். சுற்றிலும் மூன்று விரல் இடம் விடுங்கள், கார்பெட்டால் மூடாதீர்கள். ஏபி வகை ஆம்ப் வாங்கும் கரண்டில் நாற்பது சதவீதத்தைச் சூடாகத்தான் விடும்.

கெயின் என்பது வால்யூம் இல்லை

ஆம்பில் ஒரு சின்னத் திருகு இருக்கும். கெயின் என்று எழுதியிருக்கும். அதை முழுக்கத் திருப்பினால் பவர் கூடும் என்று நினைத்துத் திருப்பித்தான் ட்வீட்டர்கள் எரிகின்றன. செட் தரும் சிக்னலுக்கும் ஆம்ப் எதிர்பார்க்கும் சிக்னலுக்கும் பொருத்தம் பார்ப்பது மட்டுமே அதன் வேலை.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். செட்டில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்யம், வால்யூம் முக்கால். 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முழு அளவில் பதிந்த கோப்பாக எடுத்துப் பாட விடுங்கள். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் பிடியுங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் என்றால் 14.1 வோல்ட், வாட்டையும் ஓம்மையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. கெயினை மெதுவாகத் திருப்பி அந்த எண் வந்ததும் நிறுத்துங்கள். இனி முக்கால் வால்யூமைத் தாண்டாதவரை ஆம்ப் கிழியாது.

அடுத்து கிராஸ்ஓவர், அதாவது எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிப்பது. கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ், சீட்டடி ஊஃபருக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ். கீழ் ஒலிகளின் சுமை கதவிலிருந்து இறங்கியதும் குரல் தெளிந்துவிடும். ஊஃபரில் ஃபேஸ் ஸ்விட்ச் இருந்தால், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் மாற்றிக் கேட்டு, பேஸ் கனமாக வரும் பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

சோதித்துக் கேட்கக் குத்துப் பாட்டு போடாதீர்கள். அதில் எல்லாச் செட்டும் நன்றாகத்தான் இருக்கும். கஞ்சிராத் தனி ஒன்றைப் போடுங்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பேர் போனவர். ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நனைத்த உடும்புத் தோலிலிருந்து வரும் கும்கி என்ற நாதம் கீழே இறங்கி வழுக்கும். அதே கணம் விளிம்பில் இருக்கும் சலங்கைத் தகடு மேலே சிணுங்கும். ஊஃபரும் ட்வீட்டரும் ஒரே கருவியில் பரீட்சைக்கு வந்துவிடுகின்றன. கும்கி ‘தொம்’ என்று ஒரே சுருதியில் முட்டி நின்றால் ஊஃபர் அளவு கூடுதல். சலங்கை பல்லைக் கூசவைத்தால் ட்வீட்டரைக் குறையுங்கள். நடு ஒலிக்கு வீணை. திருக்கோகர்ணம் குடைவரைக் கோயிலிலேயே பரிவாதினி என்ற வீணையின் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது. இங்கே வண்டி வைத்திருப்பவர் வீணை கேட்காமல் செட்டை ஒப்புக்கொள்வது எனக்கு ஏனோ சம்மதமில்லை.

பாட்டுக்கு வெளியே

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படும். நாம் சொன்ன செட்டே கண்ணாடியை இறக்கினால் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது செட்டின் பில்லைக் காட்டுங்கள். கம்பெனி பொருத்தாத மின்சாதனங்களுக்கு ஐ.எம்.டி. 24 என்ற தனி ஒப்புதல் உண்டு; பழைய டாரிஃப் கணக்கில் அதற்குக் கூடுதல் பிரீமியம் சாதனத்தின் மதிப்பில் 4 சதவீதம். எழுதிச் சேர்க்காவிட்டால் திருடு போனாலும் எரிந்தாலும் செட்டுக்குப் பணம் வராது.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு பேட்டரி முனை, ஃப்யூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். பாட்டு சத்தமாக ஓடும்போது தொட்டுப் பாருங்கள். கை சுடும் இணைப்பு எதுவோ அதுவே தளர்ந்த இணைப்பு.

சித்தன்னவாசலுக்கோ குடுமியான்மலைக்கோ போய் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கிறவர்களுக்குக் கணக்கு இது: சராசரி 8 ஆம்பியர் இழுத்தால் 35 ஏ.எச். பேட்டரி பாதிக்கு இறங்க இரண்டு மணி நேரம், பழைய பேட்டரி என்றால் ஒரு மணி நேரம். சிகரெட் லைட்டர் குழியில் சொருகும் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்று வாங்கி வைத்து, 12.2க்கு வந்ததும் செட்டை அணையுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.